ட்ரெய்லரோடு ஏற்காடு: சேலத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போய், உள்ளேயே தங்கித் தூங்கக்கூடிய ட்ரெய்லர் எங்கள் வாசலில் வந்து நின்ற நாளிலிருந்து தெருவில், சொந்தத்தில், பெட்ரோல் பங்கில், ஏற்காடு அடிவாரத்து டீக்கடையில் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்களில் பலர் தாங்களும் ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எங்களுக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். எங்களுடையது ஒற்றை அச்சு, நான்கு பேர் படுக்கக்கூடிய சின்ன வண்டி. நானும் கணவரும் மாறி மாறி ஓட்டுகிறோம். தானே ஓடும் கேரவன் வேன் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

இது வீடாங்க, வண்டியாங்க? ஆர்டிஓ ஆபீஸ்ல பதியணுமா?

சட்டப்படி வண்டிதான். 1988 மோட்டார் வாகனச் சட்டம் ட்ரெய்லரைத் தனி வாகனமாகவே வரையறுக்கிறது. கார் பதிவாகியிருந்தால் போதாது, இதற்கும் தனியாகப் பதிவு எண் வேண்டும். பதிவுக்கு வேண்டிய சான்றிதழ்களைத் தர முடியாத விற்பனையாளரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். காரின் இன்சூரன்ஸ், ட்ரெய்லரை இழுத்துப் போகும்போதும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய் வார்த்தையை நம்பி மலை ஏறக் கூடாது.

எங்க கார் இழுக்குமா அக்கா?

காரின் கையேட்டைத் திறந்து பாருங்கள். எவ்வளவு எடை இழுக்கலாம் என்று அதில் கிலோ கணக்கில் இருக்கும். இரண்டு எண்கள் இருந்தால், பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஒன்று, பிரேக் இல்லாததற்கு ஒன்று. எண்ணே இல்லையென்றால் அந்தக் கார் இழுப்பதற்காகச் செய்யப்பட்டதில்லை. மெக்கானிக் ஒருவர் பின்னால் கொக்கி வெல்டிங் செய்து தருகிறேன் என்பதால் காரின் அடிச்சட்டகமும் பிரேக்கும் மாறிவிடாது.

இன்னொன்று. உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் பலம் இழக்கும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு 1,500 மீட்டர். சமதளத்தில் திணறாமல் இழுக்கிற கார் மலைச்சாலையின் பதினைந்தாவது கொண்டை ஊசி வளைவில் திணறலாம்.

எடை எடைன்னு ஏன் இவ்வளவு பேசறீங்க? நாலு துணி, ரெண்டு பாத்திரம்தானே?

எல்லா வீட்டிலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ட்ரெய்லரின் தகட்டில் இரண்டு எடைகள் இருக்கும்: வெற்று எடை, ஏற்றிய பிறகு இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. உதாரணத்துக்கு 720 கிலோ, 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 280. தொட்டியில் 80 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 80 கிலோ போயிற்று. பேட்டரி, சிலிண்டர், முன்பக்கம் விரிக்கிற பந்தல், மடக்கு நாற்காலி, நான்கு பேர் மெத்தை, அரிசி மூட்டை, அத்தை மறக்காமல் எடுத்து வைக்கும் இரும்புத் தோசைக்கல் என்று சேர்த்தால், துணி வைக்கும் முன்பே கணக்கு முடிந்துவிடும்.

ஆகவே முழுதாக ஏற்றிய நிலையில் ஒருமுறை எடை மேடைக்குக் கொண்டு போங்கள். லாரிகள் நிற்கும் இடமெல்லாம் எடை மேடை உண்டு, செலவும் சொற்பம். மலைக்குப் போகும்போது தண்ணீர்த் தொட்டியைக் கால்வாசிக்கு மேல் நிரப்புவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். தங்குமிடத்தில் தண்ணீர் கிடைக்கும்போது இருபது வளைவுக்கு அதை எதற்கு இழுக்க வேண்டும்?

மொத்த எடையைப் போலவே, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். கொக்கியின் மேல் அழுந்துகிற எடை, ட்ரெய்லர் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இருக்க வேண்டும். ஆனால் காரும் கொக்கியும் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியை வைத்து, அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, ட்ரெய்லரின் முன்மூக்கை அதில் இறக்கினால் அளவு தெரிந்துவிடும். கனமானதை அச்சுக்கு மேலே, தரையோடு ஒட்டி வையுங்கள். பின் கோடியில் வைத்தால் என்ன ஆகும் என்பதை ஆட்டம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

வாங்கின வாரமே ஏற்காடு போயிடலாமா?

வேண்டாம். முதல் இரவு சொந்த வீட்டு வாசலில் தூங்குங்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்தக் குழாய் ஒழுகுகிறது, பாட்டிக்கு எந்தப் படுக்கை தோதானது, பிள்ளைகள் நடுராத்திரியில் எழுந்தால் யார் காலை மிதிப்பார்கள் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். மறந்த பொருள் பத்தடி தூரத்தில் இருக்கும்.

அடுத்தது சமதளத்தில் ஒரு பயணம். சேலத்திலிருந்து மேட்டூர் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான், வழியில் கொண்டை ஊசி வளைவு கிடையாது. 1934-இல் கட்டி முடித்த அணையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, முன்பே பேசி வைத்த ஒரு தோட்டத்திலோ விடுதி வளாகத்திலோ ஓர் இரவு தங்கித் திரும்புங்கள். தர்மபுரி வழியாக ஒகேனக்கல் போகிறவர்கள் திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கம் வரும். கனரக வண்டிகள் பிரேக் இழந்து விபத்துக்குள்ளாகிற இடம் அது. புதிதாக ட்ரெய்லர் இழுப்பவர்கள் அதை முதல் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ரிவர்ஸ் எடுக்கவே வரலை. இடது பக்கம் ஒடிச்சா வலது பக்கம் போகுது.

அது அப்படித்தான் போகும். கையை ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் பிடியுங்கள். ட்ரெய்லரின் பின்பக்கம் இடதுபுறம் போக வேண்டுமானால் அடியில் இருக்கும் கையை இடதுபுறம் நகர்த்துங்கள், வலதுபுறம் போக வலதுபுறம். மூளை குழம்பாது. நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். கோணம் கூர்மையாகிவிட்டால் பின்னால் போய்ச் சரி செய்ய முடியாது. முன்னால் இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஞாயிறு காலையில் காலியான மைதானத்தில் பழைய டயர் நான்கை வைத்துப் பழகுங்கள். பின்னால் நின்று சைகை காட்டுகிறவர், கண்ணாடியில் ஓட்டுநருக்குத் தெரியும் இடத்தில்தான் நிற்க வேண்டும். அவர் கண்ணுக்குத் தெரியாத நொடியே வண்டி நிற்க வேண்டும் என்று வீட்டில் உறுதியாகப் பேசி வையுங்கள். சின்னப் பிள்ளைகள் அந்த நேரத்தில் ஒரு பெரியவரின் கைப்பிடியில் இருக்கட்டும்.

இருபது கொண்டை ஊசி வளைவு. ட்ரெய்லர் திரும்புமா?

திரும்பும். பேருந்தும் லாரியும் தினம் திரும்புகிற சாலைதான். ஆனால் ட்ரெய்லரின் சக்கரம் காரின் சக்கரம் போன தடத்தில் வராது, வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடதுபுறம் திரும்பும் வளைவில் அந்தப் பக்கச் சுவரிலோ சாக்கடையிலோ ஏறிவிடலாம். அதனால் எதிரே வண்டி இல்லையென்று உறுதி செய்துகொண்டு, வெளிப்பக்கமாகப் போய்த் தாமதமாகத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் ஹாரன் அடியுங்கள். திருப்பத்தின் நடுவில் கியர் மாற்றும்படி ஆகக் கூடாது, நுழையும்போதே முதல் அல்லது இரண்டாம் கியரில் இருங்கள்.

மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. ஆனாலும் எதிரே அரசுப் பேருந்து வளைவுக்குள் நுழைந்துவிட்டால் கீழேயே காத்திருங்கள். அவருக்குச் சாலை முழுதும் வேண்டும். உங்கள் பின்னால் ஐந்தாறு வண்டி சேர்ந்துவிட்டால், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி வழி விடுங்கள். பொறுமை இழந்தவர் வளைவில் முந்தும்போது ஆபத்து உங்களுக்கும்தான்.

குப்பனூர் வழியாகவும் மலைக்குச் சாலை இருக்கிறது. அங்கே கொண்டை ஊசி குறைவு என்று பலரும் சொல்வார்கள். நாங்கள் ட்ரெய்லரோடு அடிவாரத்துப் பிரதானச் சாலையில்தான் போகிறோம். ஒதுங்க இடம் இருப்பதுதான் எங்களுக்குப் பெரிது. வார நாளில், விடிந்ததும் கிளம்பினால் சாலை ஏறக்குறைய உங்களுடையது.

ஏறிட்டா இறங்கறது சுலபம்தானே?

நேர் எதிர். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். காரும் ட்ரெய்லரும் ஆட்களும் சேர்ந்து 2,500 கிலோ என்று வைப்போம். ஏற்காட்டிலிருந்து சேலம் வரை சுமார் 1,200 மீட்டர் இறக்கம். அந்த எடை அவ்வளவு ஆழம் இறங்கும்போது வெளியாகிற ஆற்றல், குழாயில் பிடித்த நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அத்தனையும் எங்காவது வெப்பமாகப் போயாக வேண்டும். என்ஜின் வழியாகப் போகவில்லையென்றால் பிரேக் வழியாகத்தான் போகும்.

ஆகவே ஏறிய கியரிலேயே இறங்குங்கள், முடிந்தால் அதற்கும் ஒன்று குறைவாக. ஆட்டோமேட்டிக் கார் என்றால் கையால் கியரைக் குறைத்துப் பூட்டி வையுங்கள். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்காதீர்கள். வேகம் கூடும்போது அழுத்திக் குறைத்துவிட்டு, முழுதாக விட்டுவிடுங்கள். நியூட்ரல் என்ற எண்ணமே வரக் கூடாது.

சின்ன ட்ரெய்லர்களில் பெரும்பாலும் தள்ளு பிரேக் இருக்கும். கார் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ள, அந்தத் தள்ளலிலேயே அதன் பிரேக் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் அது ஓயாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால், உங்கள் கால் சும்மா இருந்தாலும் ட்ரெய்லர் சக்கரத்தின் பிரேக் டிரம் சூடாகும். சில வளைவுகளுக்கு ஒருமுறை பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். சக்கரத்தைத் தொடாமல் பக்கத்தில் கையைக் கொண்டு போனாலே சூடு தெரியும். கருகிய வாடை வந்தால் ஆறும் வரை நகராதீர்கள். ஆற வைப்பதற்காகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், டிரம் விரிசல் விடும். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, பிள்ளைகளை இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.

போறப்போ பிள்ளைங்க ட்ரெய்லர்லயே படுத்துட்டு வரலாமா?

கூடாது. ஐந்து நிமிடத்துக்கும் கூடாது. உள்ளே சீட் பெல்ட் கிடையாது, சுவர் மெல்லியது, கொக்கி கழன்றால் காப்பாற்ற எதுவும் இல்லை. ட்ரெய்லர் காரிலிருந்து பிரிந்துவிட்டால் அதன் பிரேக்கைத் தானே இழுக்கும் மெல்லிய கம்பி ஒன்று கொக்கியருகே இருக்கும். கிளம்பும்போது அதையும் பாதுகாப்புச் சங்கிலியையும் ஒருவர் மாட்ட, மாட்டியாயிற்றா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டாவது ஆள் எங்கள் மகள். அவள் சரி என்று சொல்லாமல் வண்டி நகராது.

ஏற்காட்டுல எங்கதான் நிறுத்தறது? ஏரிக்கரையில போட்டுக்கலாமா?

ஏரிக்கரை, வியூ பாயின்ட் ஓரம், சாலையோரம் எதுவும் இரவுக்கு இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், தங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். காப்பி எஸ்டேட் வீடுகள், ஹோம்ஸ்டே, பெரிய வளாகம் உள்ள விடுதிகள் ஆகியவற்றில் முன்கூட்டியே பேசி இடம் பிடிப்பதுதான் வழி.

தொலைபேசியில் "கார் பார்க்கிங் இருக்கா" என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். காரும் ட்ரெய்லரும் சேர்ந்த நீளத்தை மீட்டரில் சொல்லுங்கள். கேட் எவ்வளவு அகலம், உள்ளே திரும்ப இடம் உண்டா, தரை மண்ணா சிமென்டா, மேலே தாழ்வாகக் கிளையோ வயரோ இருக்கிறதா என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். எஸ்டேட்டுகளைச் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் வளையச் சாலை மிக அழகானது. ஆனால் பல இடங்களில் குறுகல். ட்ரெய்லரைத் தங்குமிடத்தில் கழற்றி வைத்துவிட்டு, காரில் மட்டும் சுற்றுங்கள்.

நிறுத்தினதும் என்ன செய்யணும்? எது முதல்ல, எது அப்புறம்?

வரிசை மாறக் கூடாது. முதலில் பக்கவாட்டுச் சமம்: தாழ்ந்திருக்கும் பக்கச் சக்கரத்தின் கீழ் சரிவுப் பலகை வைத்து ஏற்றுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று போதும், தரையில் வைத்துப் பார்க்கலாம். அடுத்து இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை. அதற்குப் பிறகுதான் காரைக் கழற்ற வேண்டும். பின்பு முன்மூக்கில் இருக்கும் சின்னத் துணைச் சக்கரத்தை உயர்த்தித் தாழ்த்தி நீளவாட்டுச் சமம். கடைசியில் நான்கு மூலைத் தாங்கு கால்கள். அவை ஆடாமல் பிடிப்பதற்கு மட்டும்தான், வண்டியைத் தூக்குவதற்கில்லை. ஈர மண்ணில் ஒவ்வொரு காலின் கீழும் ஒரு பலகைத் துண்டு வையுங்கள்.

கரன்ட் எவ்வளவு நேரம் வரும்? ஃப்ரிட்ஜ் ஓடுமா?

100 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது. சாதாரண லெட்-ஆசிட் என்றால் அதில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். ஆக 600. எல்இடி விளக்கும் ஒரு சின்ன ஃபேனும் போன் சார்ஜும் சேர்த்து ஓர் இரவுக்கு 300 வரை போகும். 12 வோல்ட் ஃப்ரிட்ஜையும் சேர்த்தால் மறுநாளே தீர்ந்துவிடும். மேலே சோலார் பலகை இருக்கிறதே என்பார்கள். ஏற்காட்டு மூடுபனியில், சில்வர் ஓக் மர நிழலில் அதை நம்ப முடியாது. இன்டக்ஷன் அடுப்பு, கெட்டில் இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

அரிசி வேக மாட்டேங்குதே, கேஸ் சரியில்லையா?

கேஸில் குறையில்லை. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடேறாது. குக்கர் எடுத்துப் போங்கள், பருப்புக்கு ஒரு விசில் கூடுதலாக விடுங்கள்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ட்ரெய்லரின் தரையில் இருக்கும் காற்றுத் துளைகள் அதற்காகத்தான். பூச்சி வருகிறது என்று துணி வைத்து அடைக்காதீர்கள். ஓட்டும்போதும் தூங்கும்போதும் சிலிண்டரை மூடிவிடுங்கள். குளிர்கிறது என்று அடுப்பையோ கரியையோ உள்ளே வைத்துக்கொண்டு தூங்குவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. ஒலி எழுப்பும் அலாரம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

காலையில எழுந்தா மெத்தை ஓரமெல்லாம் ஈரம். மேல ஒழுகுதா?

பெரும்பாலும் ஒழுகலில்லை, மூச்சுதான். நான்கு பேரின் மூச்சுக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. மேல் ஜன்னலையும் எதிர்ப்பக்க ஜன்னலையும் விரல் அளவு திறந்து வையுங்கள், கம்பளி ஒன்று கூடுதலாகப் போர்த்திக்கொள்ளலாம்.

டாய்லெட் கழிவை எங்கே கொட்டறது?

பெண்கள் எல்லோரும் கேட்பது, தனியாக வந்து கேட்பது. சின்ன ட்ரெய்லர்களில் கழற்றி எடுக்கும் பெட்டி இருக்கும். அதைத் தங்குமிடத்துக் கழிப்பறையில், கேட்டுக்கொண்டு, காலி செய்யலாம். இல்லையென்றால் மூடி பூட்டி வீட்டுக்கே கொண்டு வாருங்கள். பெட்டியை நிரம்ப விடாதீர்கள். தங்குமிடத்துக் கழிப்பறையைப் பகலில் பயன்படுத்திக்கொண்டு, இதை இரவுக்கும் பாட்டிக்கும் மட்டும் என்று வைத்துக்கொண்டால் போதும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஓடையில் போகக் கூடாது. ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற நீர்தான் கிளியூர் அருவியில் விழுகிறது. மேலே நாம் விடுகிற சோப்பு நுரை, கீழே யாரோ குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீரில் கலக்கும். வாளியில் பிடித்து, எஸ்டேட்காரர் காட்டும் இடத்தில் ஊற்றுங்கள். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. எவர்சில்வர் தட்டும் டம்ளரும் எடுத்துப் போங்கள்.

காட்டுமாடு வருமாமே?

வரும். சேர்வராயன் மலையில் யானைக்குப் பயப்பட வேண்டியதில்லை, காட்டுமாடுதான் பெரிய விலங்கு. விடியலிலும் அந்தியிலும் காப்பிச் செடிகளுக்கு நடுவே சத்தமில்லாமல் நிற்கும். டார்ச் அடிப்பது, படம் எடுக்க அருகே போவது, கத்துவது மூன்றும் வேண்டாம். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் அது தன் வழியில் போய்விடும். இருட்டிய பிறகு பிள்ளைகள் தனியாக வெளியே போகக் கூடாது. பகலில் தொல்லை குரங்குதான். பழம் எதையும் வெளியே வைக்காதீர்கள்.

எந்த மாசம் போகலாம்?

மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி, சேர்வராயன் கோயில் திருவிழா என்று சாலை நிரம்பிவிடும். ட்ரெய்லருக்கு உகந்த மாதம் இல்லை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை, மண் சரிந்து சாலை மூடப்படலாம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை எங்களுக்குப் பிடித்த காலம்: குளிர், தெளிந்த வானம், எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் வேலை. மார்ச்சில் காடு காய்ந்துவிடும், வெளியே நெருப்பு மூட்டவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீயை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

அடுத்து கொல்லிமலை போலாமா?

ட்ரெய்லரோடு வேண்டாம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, காரில் போய் வாருங்கள்.

பைபாஸ்ல போறப்போ பின்னால பாம்பு மாதிரி ஆடுது. ஸ்பீடைக் கூட்டினா நேராகும்னு சொல்றாங்க, நிஜமா?

பொய், ஆபத்தான பொய். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராக, உறுதியாகப் பிடியுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வேகம் தானாகக் குறைய ஆட்டம் அடங்கும். அதன் பிறகு ஓரமாக நிறுத்துங்கள். அநேகமாகப் பின் கோடியில் கனம் கூடியிருக்கும். எடை பற்றிய பதிலில் சொன்னபடி கொக்கியின் மேல் அழுந்துகிற எடையைச் சரி பாருங்கள், டயர் காற்றையும் பாருங்கள். பெரிய பேருந்து முந்தும்போது ஒரு தள்ளு வருவது இயல்பு. நாங்கள் நான்கு வழிச்சாலையிலும் 70-ஐத் தாண்டுவதில்லை.

மச்சான் ஒரு வாரத்துக்குக் கேட்கிறார். இல்லைன்னு எப்படிச் சொல்றது?

இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலைப் பொழுது உங்களோடு மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். கொக்கி மாட்டுவது, கட்டை வைப்பது, ரிவர்ஸ் எல்லாம் அவர் கையாலேயே செய்யட்டும். அவர் காரின் கையேட்டையும் பார்த்துவிடுங்கள், இன்சூரன்ஸ் வேறொருவர் ஓட்டினாலும் செல்லுமா என்று கேளுங்கள். இவ்வளவுக்கும் பிறகு அவர் சமதளப் பயணத்துக்குக் கேட்டால் மகிழ்ச்சியாகக் கொடுங்கள். மலைக்கு என்றால் முதல் முறை நீங்களும் கூடப் போங்கள், இறங்கும்போது பக்கத்து சீட்டில் நீங்கள் இருக்க வேண்டும்.